ரில்கேயின் தேவதூதனும் எச்.டி.யின் சுவரும்

1912 ஜனவரி 24 அன்று, அத்ரியாட்டிக் கடலோரத்து டுயினோ கோட்டையில் தனியாகத் தங்கியிருந்த கவிஞர் ரைனர் மரியா ரில்கே, மருத்துவர் விக்டர் எமில் ஃபோன் கெப்சாட்டலுக்கு ஒரு கடிதம் எழுதினார். உளப்பகுப்பாய்வுக்கு உட்படலாமா என்று அதுவரை ஊசலாடிக்கொண்டிருந்தவர், வேண்டாம் என்ற முடிவை அதில் தெரிவித்தார். தன் பேய்களை ஓட்டினால் தன் தேவதூதர்களும் கொஞ்சம் மிரண்டுபோகக்கூடும் என்ற பொருள்பட அவர் எழுதியது, அதன்பின் இலக்கிய உலகில் பழமொழிபோல் ஆகிவிட்டது. கலைஞனின் நோயே கலையின் ஊற்று, நோய் தீர்ந்தால் ஊற்று வற்றும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடிதத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கடிதத்தையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துப் படித்தால், அது வேறொன்றுக்குச் சாட்சி சொல்வது தெரிகிறது. குறியீடு என்பது பூட்டிவைக்கப்பட்ட செய்தி அன்று. ஒருவரின் அகவாழ்வில் அது காலப்போக்கில் ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலை முடியும்முன் வெளியிலிருந்து வந்து இறங்கும் விளக்கம் அதை நிறுத்திவிடலாம். உரிய காலத்தில் வரும் விளக்கத்தையோ கவிஞர் தம் கையில் வாங்கி மேலும் வளர்க்க முடியும். ஆழ்மன உளவியலுக்கும் கவிதைக்கும் இடையிலான நீண்ட வழக்கில் சிக்கல் இந்தக் காலத்திலும் இந்தக் கைமாற்றத்திலும்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் நிகழ்ச்சிகளின் வரிசையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தலைகீழாகவே சொல்கிறார்கள். ரில்கே பகுப்பாய்வை மறுத்தார், அதனால் டுயினோ இரங்கற்பாக்கள் பிறந்தன என்பது வழக்கமான கதை. உண்மையில் முதல் இரங்கற்பா அந்தக் கடிதத்துக்குச் சில நாட்கள் முன்பே எழுதப்பட்டு, கோட்டைக்கு உரியவரான இளவரசி மேரி ஃபோன் துர்ன் உண்ட் தாக்சிஸுக்கு ஜனவரி 21 அன்றே அனுப்பப்பட்டுவிட்டது. அந்தப் பாடலின் மையத்தில் நிற்பவன் அச்சமூட்டும் தேவதூதன். அவன் தன்னை நெருங்கி அணைத்தால் அவன் இருப்பின் வலுவிலேயே தான் அழிந்துபோவோம் என்று அஞ்சி, நெஞ்சில் எழும் அழைப்பைத் தொண்டையிலேயே அடக்கிக்கொள்ளும் மனிதனின் குரலில் பாடல் தொடங்குகிறது. ஆகவே மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் வரும் தேவதூதர்களை ஒரு சொல்லழகாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ரில்கேவுக்குள் ஒரு உருவம் வந்து சேர்ந்துவிட்டது. அது என்ன என்று அவருக்கே இன்னும் தெரியாது. 1910இல் மால்ட்டே லாவுரிட்ஸ் பிரிக்கேயின் குறிப்புகளை முடித்ததிலிருந்து வறட்சியில் தவித்துவந்தவருக்கு இப்போது காப்பாற்ற ஒன்று கிடைத்திருந்தது. அவர் மறுத்தபோது கையில் வைத்திருந்தது நோய் மட்டுமன்று, தொடங்கிவிட்ட ஒரு வேலையும்கூட. தம் எழுத்தே ஒருவகைத் தற்சிகிச்சை என்று அவர் கருதியதும் அந்நாளையக் கடிதங்களில் தெரிகிறது.

அவர் ஆழத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கினார் என்று இதற்கு ஒரு மறுப்பு வரலாம். ரில்கேயின் குழந்தைப்பருவம் அந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கும். அவருக்கு முன் பிறந்த பெண்குழந்தை இறந்துவிட்டது. அந்த இழப்பை ஆற்றிக்கொள்ள முடியாத தாய் மகனைச் சில ஆண்டுகள் பெண்பிள்ளைபோல் உடுத்தி வளர்த்தார். பிறகு அதே பிள்ளை பத்து வயதில் ராணுவப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். ஃப்ராய்டின் மாணவர் எவருக்கும் இது அள்ளி எடுக்கத் தகுந்த விளைச்சல். 1953இல் எரிக் சிமெனாவர் எழுதிய பெரிய ஆய்வு ரில்கேயின் வாழ்வையும் எழுத்தையும் உளப்பகுப்பாய்வு நோக்கிலேயே படித்தது. ஆனால் ரில்கே அஞ்சி ஒதுங்கினார் என்பதற்கு எதிரான சாட்சியம் மூன்றாம் இரங்கற்பா. டுயினோவில் அதே மாதங்களில் தொடங்கப்பட்டு 1913இன் பிற்பகுதியில் பாரிசில் முடிக்கப்பட்ட பாடல் அது. தொட்டிலின் மேல் குனிந்து இரவின் அச்சங்களைத் தடுக்கும் தாய், அவள் தடுக்க முடியாதபடி குழந்தையின் உள்ளேயே விரியும் காடு, இரத்தத்தில் குடியிருக்கும் ஆற்றுத் தெய்வம், காதலியை நெருங்கும் இளைஞனுக்குள் கிளர்ந்தெழும் மூதாதையர் கூட்டம் என்று அந்தப் பாடல் இறங்கும் ஆழத்துக்கு அக்காலத்து மருத்துவக் கட்டுரைகள் பலவும் இறங்கியதில்லை. பாடலை முடிக்குமுன், 1913 செப்டம்பரில், தமக்கு மிக நெருங்கியவரான லூ ஆந்த்ரியாஸ்-சலோமேயுடன் மியூனிக் உளப்பகுப்பாய்வு மாநாட்டுக்குச் சென்று ஃப்ராய்டையும் அவர் சந்தித்திருந்தார். ஆழ்மனத்துக்குள் போகும் வழி ஃப்ராய்டுடையது மட்டுமல்ல என்பதுதான் அவர் மறுப்பின் உட்கிடை. வழி வேறாக இருக்கலாம். இருவரும் போய்ச் சேர நினைத்த இடம் அவ்வளவு வேறானதன்று.

லூவின் பெயர் வந்துவிட்டதால் இன்னொரு மறுப்பையும் இங்கேயே எதிர்கொள்ளலாம். மறுத்தது ரில்கேயா, லூவா? ரில்கேயின் மனைவி கிளாரா அப்போது கெப்சாட்டலிடம் பகுப்பாய்வு பெற்றுவந்தார். ரில்கே லூவிடம் யோசனை கேட்டார். லூ வேண்டாம் என்றார். 1911இல் வைமர் மாநாட்டுக்குப் போய், 1912 இலையுதிர்காலத்தில் வியன்னாவில் ஃப்ராய்டிடம் பயிலச் சேர்ந்தவர் அவர். தாமே பகுப்பாய்வாளராக ஆகவிருந்தவர் தமக்கு மிக நெருங்கிய கவிஞருக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்பது சிந்திக்க வேண்டிய செய்தி. ஆனால் ரில்கே தம் கனவுகளையும் உடற்பயங்களையும் எழுத்துத் தடைகளையும் லூவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1914 ஜூனில் திருப்பம் என்ற தம் கவிதையை அவருக்கு அனுப்பினார். காண்பதன் பணி முடிந்தது, இனி உள்ளே சேர்ந்துவிட்ட உருவங்களின் மேல் இதயம் உழைக்க வேண்டும் என்று தன்னைத்தானே ஏவிக்கொள்ளும் கவிதை அது. லூ அதைப் பொறுமையாகப் படித்து விரிவாகப் பதில் எழுதினார். விளக்கம் இந்த உறவிலும் இருந்தது. அது பொறுமையோடு வந்தது, கவிதை எழுதப்பட்ட பின்பு வந்தது, கவிஞர் தள்ளிவைக்கக்கூடிய வடிவில் வந்தது. ரில்கே முழுமையாக மறுத்துவிட்டார் என்று சொல்வதைவிட, தமக்குத் தோதான பகுப்பாய்வைத் தேர்ந்துகொண்டார் என்று சொல்வது பொருந்தும்.

இனி அந்தத் தேவதூதன் என்ன செய்தான் என்று பார்க்கலாம். இரங்கற்பாக்கள் முடிய 10 ஆண்டுகள் ஆயின. இடையில் போர், 1916இல் வியன்னாவில் சில மாத ராணுவப் பணி, ஊர்விட்டு ஊர் அலைதல். 1915 நவம்பரில் மியூனிக்கில் எழுதிய நான்காம் பாடலில் தேவதூதன் பொம்மலாட்ட மேடைக்கு வருகிறான். பொம்மையை மேலிருந்து இயக்க அவன் வந்தால்தான் உண்மையான ஆட்டம் நடக்கும் என்கிறார் கவிஞர். 1922 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் முஸோட் கோட்டைவீட்டில் சில நாட்களுக்குள் மீதி எல்லாம் வந்து முடிந்தன. ஒன்பதாம் பாடலில் அதே தேவதூதனிடம் மனிதன் பேசுகிறான். இப்போது அவனுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. சொல்லுக்கு எட்டாத பெரிய அனுபவங்களால் தேவதூதனை வியக்கவைக்க முடியாது. ரோமில் கயிறு திரிப்பவனிடமும் நைல் கரையில் குயவனிடமும் நின்று பார்த்த எளிய பொருளை அவனுக்குக் காட்டு என்கிறது அந்தப் பாடல். அழிக்கக்கூடியவனாக இருந்தவன் கேட்பவனாகிவிட்டான். பெயர் மாறவில்லை, அவனுடைய பேராற்றலும் குறையவில்லை. மனிதன் அவன் முன் நிற்கும் நிலை மாறிவிட்டது. தேவதூதன் தாயின் உருமாற்றம் என்று வைத்துக்கொண்டாலும் அது 1912இன் அச்சத்தை மட்டுமே விளக்கும். தாய் 1922இலும் அதே தாய்தான், குழந்தைப்பருவமும் அதேதான். மாறியது எப்படி என்ற கேள்விக்கு மூலக்காரணத்தைத் தேடிப் பின்னால் போகும் விளக்கத்திடம் விடை இல்லை.

இந்த மாற்றத்தை நான் அளவுக்கு மீறி நேர்கோடாக வரையக்கூடாது. பத்தாம் பாடலின் தொடக்க வரிகள் 1912இலேயே எழுதப்பட்டவை. அவற்றில் இசைந்து கேட்கும் தேவதூதர்களை நோக்கிப் புகழ்ந்து பாடும் நாள் ஒன்று வரட்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. அப்படியானால் இசைவு தொடக்கத்திலேயே இருந்ததே என்று கூர்மையான வாசகர் கேட்கலாம். இருந்தது, வேண்டுதலாக இருந்தது. பாடலின் வினைச்சொற்களே அது இன்னும் நடக்கவில்லை என்று சொல்கின்றன. மறுபுறம், முஸோட்டில் 1922 பிப்ரவரியில் எழுதப்பட்ட ஏழாம் பாடலின் முடிவில் மனிதனின் நீட்டிய கை தேவதூதனை அழைக்கவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. ஒன்பதாம் பாடல் முடிந்த அதே மாதத்தில்கூட அச்சம் போய்விடவில்லை. ஒரு குறியீடு அகத்தில் வேலை செய்யும் விதம் இதுதான் என்று நினைக்கிறேன். விருப்பம் ஆண்டுகளுக்கு முன்னே ஓடிப்போய் நிற்கிறது, அச்சம் கடைசிவரை கூடவே வருகிறது, நடுவில் மொழி மெல்ல மெல்ல இரண்டையும் ஒரே உருவத்துக்குள் தாங்கப் பழகுகிறது. 1912 பிப்ரவரியில் யாராவது அந்த உருவத்துக்குச் சரியான பொருளைச் சொல்லியிருந்தால், அது சரியாகவே இருந்திருந்தாலும், இந்தப் பழக்கத்துக்கு இடம் இருந்திருக்குமா என்பது ஐயம்.

ஃப்ராய்டே இதைப் பாதி உணர்ந்திருந்தார். 1908இல் அச்சான கட்டுரையில் அவர் படைப்பாளியைப் பகற்கனவு காண்பவரோடு ஒப்பிட்டார். நிறைவேறாத ஆசை கற்பனையாக உருமாறுகிறது, கலையின் வடிவ இன்பம் அந்த ஆசையை வாசகர் ஏற்கும்படி இனிப்பாக்குகிறது என்றார். 20 ஆண்டுகள் கழித்து தஸ்தயேவ்ஸ்கியும் தந்தைக் கொலையும் பற்றி எழுதும்போது, படைப்பாற்றல் என்ற புதிரின் முன் உளப்பகுப்பாய்வு ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் தஸ்தயேவ்ஸ்கியை நோயாளியாகவே பகுத்தார் என்பது வேறு. இன்னொரு சிறு கட்டுரை 1915 நவம்பரில், ரில்கே நான்காம் பாடலை எழுதிய அதே மாதத்தில், எழுதப்பட்டது. ஓர் இளங்கவிஞருடன் நடந்த உலாவைப் பற்றிச் சொல்லும் அதில், அழகெல்லாம் அழியப்போகிறதே என்ற நினைப்பால் அந்தக் கவிஞரால் அழகில் மகிழ முடியவில்லை என்று ஃப்ராய்ட் வியக்கிறார். இழப்பை நினைத்து முன்கூட்டியே துக்கம் காக்கும் மனம் அது என்று விளக்குகிறார். அந்தக் கவிஞர் ரில்கே என்று பலர் நம்புகிறார்கள். கட்டுரையில் பெயர் இல்லாததால் நான் அதை உறுதியாகக் கொள்ளவில்லை. ஆனால் ஒன்பதாம் பாடலின் வாதம் ஃப்ராய்டின் அறிவுரையோடு ஒத்துப்போகிறது. ஒருமுறை மட்டுமே இருப்பது என்பதே பொருட்களைச் சொல்லில் ஏற்றக் காரணமாகிறது அங்கே. மருத்துவர் கருத்தாகச் சொன்ன இடத்துக்குக் கவிஞர் தம் தேவதூதனோடு நடந்தே வந்து சேர்ந்தார்.

இன்னோர் ஆழ்மன உளவியலாளரான யுங் இதில் ஃப்ராய்டைவிடக் கவிதைக்கு நெருங்கியவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இரங்கற்பாக்கள் முடிந்த அதே 1922இல் மே மாதம் ஜூரிச்சில் ஆற்றிய உரையில், தெரிந்த ஒன்றுக்குப் பதிலாக நிற்கும் அடையாளம் வேறு, வேறெவ்வகையிலும் சொல்ல முடியாத ஒன்றை முதன்முதலாகச் சொல்லும் குறியீடு வேறு என்று அவர் பிரித்தார். கவிஞரின் வாழ்க்கை விவரங்களால் கவிதையை விளக்குவது, மண்ணின் தன்மையைச் சொல்லிச் செடியை விளக்கிவிட்டதாக நினைப்பது போன்றது என்பதும் அவர் கருத்து. இந்தப் பிரிவினை மிகப் பயனுள்ளது. ஆனால் அதே யுங்கின் வழியில் வந்த விமரிசனம் செய்ததைப் பாருங்கள். நிழல், அனிமா, பெருந்தாய், ஞானக்கிழவர் என்ற ஆழ்படிமப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதையில் வரும் ஒவ்வொருவர் மேலும் ஒட்டிச் செல்வது அதன் வழக்கமாகிவிட்டது. ஆழ்படிமம் என்ற கருத்து அறியாததைச் சுட்ட உருவானது. பட்டியலானதும் அது அறிந்ததன் பெயராகிவிடுகிறது. ஃப்ராய்டியரின் ‘தாய்’ என்ற விடையைவிட யுங்கியரின் ‘பெருந்தாய்’ என்ற விடை எந்த வகையில் திறந்தது? இரண்டும் முதல் வாசிப்பிலேயே பாடலை முடித்துவைக்கின்றன. தமிழில் கடந்த சில பத்தாண்டுகளாக ஆழ்படிமம் என்ற சொல் விமரிசனத்தில் புழங்கும் விதத்திலும் இந்த ஆபத்து உண்டு என்பதைக் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னவை மறுத்தவரின் பக்கம். ஏற்றவரின் பக்கத்தையும் பார்க்காமல் வாதம் நிற்காது. அமெரிக்கக் கவிஞர் எச்.டி., முழுப்பெயர் ஹில்டா டூலிட்டில், 1933 வசந்தத்தில் வியன்னாவின் பெர்க்காசே 19ஆம் எண் வீட்டில் ஃப்ராய்டிடம் பகுப்பாய்வுக்கு வந்தார். 1934 இலையுதிர்காலத்தில் மீண்டும் வந்தார். ஃப்ராய்டுக்கு அப்போது 77 வயதாகவிருந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டிருந்தார். வியன்னாவில் அந்த வீட்டை நோக்கிப் போகும் நடைபாதையில்கூட ஸ்வஸ்திகாக்கள் சாக்கட்டியால் வரையப்பட்டிருந்ததை எச்.டி. பதிவு செய்திருக்கிறார். முதல் உலகப்போரில் அண்ணனை இழந்து, அடுத்துத் தந்தையை இழந்து, கருவுற்றிருந்தபோது கொள்ளைக் காய்ச்சலில் சாவின் விளிம்புவரை போய்வந்தவர் அவர். 1920இல் கோர்ஃபு தீவின் விடுதி அறைச் சுவரில் ஒளியாலான சித்திரங்கள் தோன்றக் கண்டார்: ஒரு வீரனின் தலை, ஒரு கிண்ணம், டெல்ஃபியின் முக்காலி, ஓர் ஏணி, அதில் ஏறும் வெற்றித் தெய்வம். அவர் களைத்துப் பார்வையை விலக்கியபோது, உடனிருந்த தோழி பிரையர் கடைசிச் சித்திரத்தைக் கண்டதாகச் சொன்னார். பகுப்பாய்வில் எச்.டி. சொன்ன எல்லாவற்றிலும் இது ஒன்றையே ஆபத்தான நோய்க்குறியாக ஃப்ராய்ட் கருதினார்.

அடுத்து நடந்தது ரில்கேயின் அச்சத்தைப் பொய்யாக்குகிறது. எச்.டி. ஃப்ராய்டை எதிர்த்து வாதாடவில்லை, அவருடைய தீர்ப்பை மறைக்கவும் இல்லை. சுவர்ச் சித்திரங்களின் பின்னால் தாயோடு ஒன்றும் ஏக்கம் இருக்கிறது என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டார். கிரேக்க நாட்டை அவர் தேடிப்போனதும், ஹெலன் என்பது அவர் தாயின் பெயராக இருந்ததும் அந்த விளக்கத்துக்குள் பொருந்தின. கேட்டுக்கொண்டவர் அந்தச் சித்திரங்களை நோய்க்குறி என்ற அட்டையோடு மூடிவைத்துவிடவில்லை. நோய்க்குறியாகவும் இருக்கலாம், கலைஞரின் மனம் தன் எல்லைக்கு வெளியே நீண்டு எழுதிய எழுத்தாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் அருகருகே வைத்தே பின்னாளில் எழுதினார். ஃப்ராய்ட் தம் மேசையிலிருந்த சிறிய வெண்கல அதீனாவை எடுத்துக் காட்டி, குறையொன்றும் இல்லை, ஈட்டியை மட்டும் தொலைத்துவிட்டாள் என்ற பொருளில் சொன்னதையும் அவர் மறக்கவில்லை. பெண் பற்றிய ஃப்ராய்டின் கோட்பாடு முழுவதும் அந்தப் பேச்சில் ஒளிந்திருக்கிறது. ஆசான் என்ற கவிதையில் அவர் அதற்கு உறுதியாக மறுப்பு எழுதினார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அன்பும் மறுப்பும் ஒரே நேரத்தில் அவரிடம் இருந்தன. விளக்கம் கைமாறுவது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

கைமாறியதன் பயன் அவருடைய நூல்களில் இருக்கிறது. 1944இல், குண்டுவீச்சுக்கு நடுவே லண்டனில், ஃப்ராய்டுடன் கழித்த நாட்களின் நினைவுக் குறிப்பை எழுதினார். பின்னாளில் ஃப்ராய்டுக்கு அஞ்சலி என்ற நூலாக வந்தது அதுதான். அதே ஆண்டில் எழுதிய நீள்கவிதைக்குத் தேவதூதர்களுக்கு அஞ்சலி என்று பெயர். இடிந்த நகரத்தின் நடுவே கபிரியேல், உரியேல், அஸ்ராயேல் என்று பெயர் சொல்லித் தேவதூதர்களை அழைக்கும் கவிதை அது. பகுப்பாய்வு அறையில் பல மாதங்கள் இருந்துவந்தவரிடமிருந்து தேவதூதர்கள் ஓடிவிடவில்லை. தாயின் பெயரான ஹெலன் என்ற குறிப்போ, 1950களில் எழுதப்பட்டு 1961இல் வெளியான எகிப்தில் ஹெலன் என்ற காவியமாக வளர்ந்தது. டிராய்க்குப் போனது ஹெலனின் மாயவுரு, உண்மையான ஹெலன் எகிப்தில் இருந்தாள் என்ற பழைய கிரேக்கக் கதையை எடுத்துக்கொண்டு, தன்னைப் பற்றிப் பிறர் சொன்ன கதைக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை ஒரு பெண் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் காவியம் அது. விளக்கம் அவருக்கு விதையாகவே பயன்பட்டது. அது முளைக்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தது.

இரண்டு கவிஞர்களை வைத்துக்கொண்டு பொது விதி செய்ய முடியாது என்பது சரியான மறுப்பு. நான் விதி எதையும் செய்யவில்லை. ஏற்கெனவே விதிபோல் புழங்கும் ஒன்றை, சிகிச்சை கலையைக் கொல்லும் என்ற நம்பிக்கையை, மறுக்க எச்.டி. ஒருவர் போதும். அந்த நம்பிக்கை தீங்கற்றதும் அன்று. உதவி தேவைப்படும் இளம் எழுத்தாளர்கள் அதை நம்பி மருத்துவரிடம் போகாமலிருக்கிறார்கள். ரில்கேயின் மறுப்புக்கும் விலை இருந்தது, அதில் ஒரு பங்கைப் பிறர் கொடுத்தார்கள்: 1901இல் பிறந்த மகள் ரூத்தின் வளர்ச்சிக்காலத்தில் பெரும்பகுதி அவர் அருகில் இல்லை, கிளாரா தனியாகவே தம் வாழ்வையும் சிற்பக்கலையையும் நடத்த வேண்டியிருந்தது. இரங்கற்பாக்களின் பெருமை இந்தக் கணக்கை அழித்துவிடாது. ஒருவர் சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்பது அவருடைய துன்பத்தின் அளவை வைத்து முடிவெடுக்க வேண்டியது. அவர் எழுதவிருக்கும் கவிதையை முன்னிறுத்தி மற்றவர்கள் அதில் தலையிடுவது கொடுமை.

விமரிசகரின் நிலை வேறு. அவர் முன்னால் இருப்பது துன்பப்படும் மனிதர் அல்ல, முடிந்த பாடல். காத்திருக்க அவருக்கு நேரம் இருக்கிறது. தேவதூதனைப் படிப்பவர் முதல் பாடலிலேயே அவனுக்குப் பொருள் சொல்லிவிடாமல், பத்துப் பாடல்களிலும் அவன் முன் மனிதக் குரல் எங்கே தயங்குகிறது, எங்கே துணிகிறது, எங்கே கையை நீட்டிக்கொண்டே தடுக்கிறது என்று பின்தொடரலாம். அதற்குப் பிறகு குழந்தைப்பருவத்தையும் தாயையும் கொண்டுவந்தால் அவையும் பாடலுக்கு வெளிச்சம் தரும். ரில்கேயும் ஒருமுறை விளக்கத்துக்கு இறங்கினார், எல்லாம் முடிந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. 1925 நவம்பரில், போலந்து மொழிபெயர்ப்பாளர் விட்டோல்ட் ஹுலெவிச் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதிலில், இந்தத் தேவதூதனுக்குக் கிறித்தவ வானகத்தோடு தொடர்பில்லை, இஸ்லாத்தின் தேவதூத உருவங்களோடுதான் சற்று உறவு உண்டு என்றார். காணக்கூடியதைக் காணாததாக மாற்றும் நம் வேலை அவனிடத்தில் ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது என்றும் விளக்கினார். அதே கடிதத்தில், இரங்கற்பாக்களுக்கு விளக்கம் சொல்ல ஏற்றவர் தாம்தானா என்று கேட்டு, அவை தம்மை அளவின்றிக் கடந்து போகின்றன என்றும் எழுதினார்.